பிக்கப்புக்கு இன்னொரு டீசல் ஃபில்டர்: எதைப் போடுவது, எங்கே போடுவது?

ஒட்டன்சத்திரம் லோடு:
வணக்கம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பொள்ளாச்சி, பாலக்காடு வழியாக எர்ணாகுளத்துக்கு வாரம் 4 நடை காய்கறி ஏற்றுகிறேன். வண்டி 2021 மாடல் பிக்கப், பிஎஸ்6, காமன் ரெயில் இன்ஜின், அதாவது டீசலை ஒரே குழாயில் (ரெயில்) அழுத்தி வைத்து, எல்லா இன்ஜெக்டரும் அதிலிருந்தே பீய்ச்சுகிற வகை. 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வண்டி மேல் குறை ஒன்றும் இல்லை, குறை என் மேல்தான்.

போன மாதம் பாலக்காடு தாண்டியதும் மீட்டரில், டீசலில் தண்ணீர் இருக்கிறது என்று காட்டுகிற விளக்கு எரிந்தது. தக்காளி லோடு, விடிவதற்குள் இறக்க வேண்டும். இறக்கிவிட்டுப் பார்க்கலாம் என்று ஓட்டினேன். குதிரான் சுரங்கம் வருவதற்குள் வண்டி இழுக்கவில்லை, மிஸ் அடித்தது, அப்புறம் நின்றே போனது. பம்ப் லேபில் கழற்றிப் பார்த்தால் 2 இன்ஜெக்டர் காலி, நாசில் முனையில் துரு. முந்தின நாள் அவசரத்துக்குத் தோட்டத்து பேரலிலிருந்து 20 லிட்டர் ஊற்றியிருந்தேன். மழையில் வெளியே நின்ற பேரல்.

இனி இப்படி ஆகாமலிருக்க இன்னொரு ஃபில்டர் போடலாம் என்று இருக்கிறேன். பார்ட்ஸ் கடைக்காரர் 2 மைக்ரான் (1 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போடச் சொல்கிறார், எவ்வளவு நைஸோ அவ்வளவு நல்லதாம். என் மெக்கானிக் டிராக்டருக்கு வருகிற சிஏவி கண்ணாடிக் கிண்ணத்தையே மாட்டலாம் என்கிறார். யூடியூப்பில் எல்லாரும் ரேக்கர் ரேக்கர் என்று அந்த பிராண்டையே சொல்கிறார்கள். எதை வாங்குவது? வண்டியோடு வந்த கம்பெனி ஃபில்டருக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

கோவை பம்ப் லேப்:
பிராண்டை அப்புறம் பார்க்கலாம். முன்னாலா பின்னாலா என்று கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் முக்கியம். இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். சாவியை ஆன் போட்டதும் டேங்க் பக்கம் மோட்டார் சத்தம் கேட்கிறதா? ஃபில்டர் தலையில் கையால் அமுக்கும் பம்ப்போ, லைனில் ரப்பர் பல்போ இருக்கிறதா?

ஒட்டன்சத்திரம் லோடு:
சத்தம் ஒன்றும் இல்லை சார். ஃபில்டர் மேல் அமுக்கு பம்ப் இருக்கிறது.

கோவை பம்ப் லேப்:
அப்படியென்றால் உங்கள் வண்டியில் டீசலைத் தள்ளிவிட யாரும் இல்லை. ஹை பிரஷர் பம்ப்தான் டேங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. ஃபில்டர் இருப்பது உறிஞ்சும் பக்கம்.

உறிஞ்சும் பக்கத்தில் 2 மைக்ரான் போட்டால் என்ன ஆகும்? இளநீரைக் குச்சி ஸ்ட்ராவில் உறிஞ்சின மாதிரிதான். தள்ளும் பக்கத்தில் எவ்வளவு அழுத்தம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், உறிஞ்சுவதற்குக் கையில் இருப்பது வெறும் 1 பார் காற்றழுத்தம். ஃபில்டர் கொஞ்சம் அடைத்தாலே டீசலில் குமிழி கிளம்பும், ஏற்றத்தில் இழுவை போகும். அந்த பம்ப்புக்கு மசகு எண்ணெய் என்று தனியாக எதுவும் கிடையாது, உள்ளே ஓடுகிற டீசல்தான் மசகு. குமிழி வந்தால் பம்ப்பே தேயும். தேய்ந்த இரும்புத் தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகும். அப்புறம் 2 இன்ஜெக்டரோடு நிற்காது, மொத்த செட்டும் மாற்ற வேண்டும். இப்படி வந்த வண்டிகளை என் டேபிளில் பார்த்திருக்கிறேன். நல்லது செய்கிறோம் என்று போட்ட ஃபில்டர்தான் காரணம்.

நைஸாக வடிகட்டுகிற வேலையைக் கம்பெனி ஃபில்டர் ஏற்கெனவே செய்கிறது. உங்களைக் கவிழ்த்தது தூசி இல்லை, தண்ணீர். அதனால் டேங்குக்கும் கம்பெனி ஃபில்டருக்கும் நடுவில், 30 மைக்ரான் அளவில், தண்ணீர் பிரிக்கிற செப்பரேட்டர் போதும். 10 மைக்ரான் போட்டால் ஓடும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டிவரும்.

கம்பெனி ஃபில்டருக்குப் பின்னால் மட்டும் போடவே போடாதீர்கள். அங்கே ஒவ்வொரு முறை கழற்றும்போதும் விழுகிற அழுக்கு நேராக பம்ப்புக்குள் போகும், தடுக்க எதுவும் இல்லை.

திருச்செங்கோடு ரிக்:
நாங்கள் போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) போடுகிற வண்டிக்காரர்கள். வெளி மாநிலம் போனால் மாதக்கணக்கில் பேரல் டீசல்தான், அதனால் செப்பரேட்டர் இல்லாமல் ஓட்டுவதில்லை. ரேக்கர் டர்பைன் வகை வாங்கினால் எலிமென்டின் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு 30 மைக்ரான், நீலம் 10, பழுப்பு 2. உங்களுக்குச் சிவப்பு. அந்த டர்பைன் வகையில் வருகிற 500 என்கிற சைஸ், பிக்கப்புக்கு ரொம்பப் பெரிசு, இடம் அடைக்கும். அதே கம்பெனியிலோ வேறு கம்பெனியிலோ சின்னது கிடைக்கும்.

தம்பி, ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. புது செப்பரேட்டர் முன்னால் நின்றால் தண்ணீரை அதுவே பிடித்துக்கொள்ளும். தண்ணீர் சென்சார் இருப்பது கம்பெனி ஃபில்டரில். அதனால் கிண்ணம் கழுத்து வரை நிரம்பி வழிகிற வரைக்கும் உங்கள் மீட்டரில் விளக்கே எரியாது. உள்ளே தெரிகிற கிண்ணம் உள்ளதாக வாங்குங்கள், இல்லை சென்சார் வைத்ததாக வாங்குங்கள். இரும்பு டப்பா மாதிரி மூடியிருப்பதை வாங்கிவிட்டு மறந்தீர்கள் என்றால் இப்போதிருப்பதை விட மோசம்.

தண்ணீர் இறக்குவது காலையில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால். ராத்திரி முழுக்க நின்றால்தான் அடியில் படியும்.

மதுரை டிரைவர்:
விளக்கு எரிந்த இடத்திலேயே ஓரம் கட்டி, ஃபில்டர் அடித் திருகைத் திறந்து விட்டிருந்தால் இன்ஜெக்டர் பிழைத்திருக்கும் அண்ணா. புது ஃபில்டரே வேண்டாம். பேரலைத் தூக்கிப் போடுங்கள்.

கோவை பம்ப் லேப்:
பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பங்க் டீசலிலும் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை தண்ணீர் இருக்கலாம் என்று பிஎஸ்6 தரமே சொல்கிறது. 60 லிட்டர் டேங்க் என்றால் சுமார் 50 கிலோ, அதில் 10 கிராம். டீசலில் கரைந்தே இருக்கிற வரை தொல்லை இல்லை. ராத்திரி குளிரில் அரை டேங்க்கோடு நின்றால் மேல் பாதியில் இருக்கிற காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். நடை முடிந்து நிறுத்தும்போது டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள்.

சிஏவி கிண்ணம் டிராக்டருக்குச் சரி. உங்களுக்கு அது வேண்டாம். அதில் வருகிற வாஷர் ஒவ்வொன்றும் காற்று நுழைகிற கதவு. உறிஞ்சும் பக்கத்தில் லீக் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

பெட்டியில் "10 மைக்ரான்" என்று மட்டும் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். நல்ல கம்பெனிகள் பீட்டா எண் தருவார்கள். 10 மைக்ரானுக்கு பீட்டா 75 என்றால், அந்த அளவுக்கு மேற்பட்ட துகள் 75 வந்தால் 1 மட்டும் தாண்டும். அது இல்லாத லோக்கல் சரக்கில் பாதி தாண்டினாலும் அவன் 10 மைக்ரான் என்றுதான் எழுதுவான்.

ஹோஸ் பழைய லைனின் உள்விட்டம் எதுவோ அதே அளவு, டீசலுக்கென்று வருவது. மீன் தொட்டி டியூப் வேண்டாம். சைலன்சரிலிருந்து தள்ளி, கல் அடிக்காமல் சேசிஸ் உள்பக்கம் மாட்டுங்கள். வாரன்டி மிச்சமிருந்தால் லைனை வெட்டுவதற்கு முன் ஷோரூமில் கேட்டுவிடுங்கள்.

ஒட்டன்சத்திரம் லோடு:
வாரன்டி முடிந்துவிட்டது சார், அந்தக் கவலை இல்லை. தெரிகிற கிண்ணம் வைத்த 30 மைக்ரான் ஒன்று கோவையில் வாங்கினேன். கம்பெனி ஃபில்டரையும் புதிதாகப் போட்டாயிற்று. அமுக்கு பம்ப்பில் காற்று எடுத்து ஸ்டார்ட் பண்ணினோம், நன்றாக ஓடியது. மறுநாள் காலையில் 10 விநாடி சுற்றிய பிறகுதான் பிடித்தது. முன்னே இப்படி இல்லை.

கோவை பம்ப் லேப்:
எங்கோ காற்று வாங்குகிறது. கம்பெனி ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் அரை அடி, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபைத் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள். சோதனைக்கு மட்டும், அதோடு லோடு ஏற்றிக் கிளம்பிவிடாதீர்கள்.

ஒட்டன்சத்திரம் லோடு:
டியூபில் குமிழி வரிசையாக ஓடியது. புது ஃபில்டரின் இன்லெட் பக்கக் கிளிப் லூஸ். இறுக்கியதும் குமிழி நின்றது, ஒரே சுற்றில் ஸ்டார்ட்.

3 வாரம் ஆகிறது. முதல் தடவை இறக்கியபோது ஒரு ஸ்பூன் தண்ணீரும் துருவும் வந்தன. டேங்கில் மிச்சமிருந்ததாக இருக்கும், அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். பேரலை மதுரை அண்ணா சொன்ன மாதிரித் தூக்கிப் போட முடியாது, பவர் டில்லருக்கு வேண்டும். தண்ணீர் எப்படி உள்ளே போனது? மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

திருச்செங்கோடு ரிக்:
நிமிர்த்தி வைத்திருந்தீர்களா? மேல் தட்டில் மழைத் தண்ணீர் தேங்கும். பகலில் டீசல் சூடாகி விரியும், ராத்திரி சுருங்கும்போது மூடியின் மரை வழியாக அந்தத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கூரைக்கு அடியில் படுக்க வையுங்கள், இரண்டு மூடியும் கடிகாரத்தில் 9, 3 இருக்கிற இடத்தில், டீசல் மட்டத்துக்குக் கீழே வருகிற மாதிரி. எடுக்கும்போது அடியில் 4 விரல் விட்டுவிட்டு எடுங்கள்.

ஒட்டன்சத்திரம் லோடு:
நிமிர்த்தித்தான் வைத்திருந்தேன். இன்று சாயங்காலமே மாட்டுக் கொட்டகைக்கு உருட்டிவிடுகிறேன். நன்றி அண்ணா, நன்றி சார்.