17 நாள் வேலை, 13 நாள் விடுப்பு: கார்கோ விமானி வேலையை ஏற்கலாமா?

அட்சரேகை:
ஏ320-இல் 1,900 மணி நேரம் பறந்த துணை விமானி ஒருவருக்கு போயிங் 767-300 சரக்கு விமானத்தில் வேலை வந்திருக்கிறது. நிறுவனம் ஏசிஎம்ஐ வகை. அதாவது விமானம், குழு, பராமரிப்பு, காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துப் பிறருக்கு வாடகைக்கு விடுகிறவர்கள். 17 நாள் வேலை, 13 நாள் விடுப்பு. டைப் ரேட்டிங் (அந்த விமான வகையை ஓட்டும் தகுதிப் பயிற்சி) செலவு அவர்களுடையது, பதிலுக்கு 3 வருட பாண்டு: இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும். இப்போதுள்ள பயணிகள் நிறுவனத்திலேயே இருந்தால் கேப்டன் ஆக 5 வருடமாவது ஆகும். எடுக்கலாமா, வேண்டாமா? "கார்கோ சூப்பர்", "கார்கோ மோசம்" என்ற ஒற்றை வரிப் பதில்கள் வேண்டாம்.

வால்காற்று:
எடுக்கலாம். 13 நாள் ஒரே மொத்தமா கிடைக்குது, அதுதான் முக்கியம். பயணிகள் பக்கம் குறுந்தூர ரோஸ்டர்ல, அதாவது பணி அட்டவணைல, ரெண்டு நாள், மூணு நாள்னு துண்டு துண்டா விடுப்பு வரும். அதுல பாதி தூங்கியே போயிடும். கார்கோல கேபின் பிரச்சினை கிடையாது, போர்டிங் தாமதம் கிடையாது, குடிச்சிட்டுச் சண்டை போடுற பயணி கிடையாது. அகல உடல் விமானம், கண்டம் தாண்டுற பறப்பு, நாலு விதமான வான்வெளி நடைமுறை. 1,900 மணி நேரத்துல இந்த அனுபவம் வேற எங்க வரும்? அதோட 767 ரேட்டிங்கும் 757 ரேட்டிங்கும் பொது. ஒரு பயிற்சியில ரெண்டு வண்டி.

விடியற்காலை:
விடுப்பு நாளை மட்டும் எண்ணுகிறீர்கள். வேலை நாள் எப்படிப்பட்டது என்பதை யார் எண்ணுவது?

அமெரிக்க விதியை எடுத்துக்கொள்வோம். 2009-இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் நிறுவன விமான விபத்துக்குப் பிறகு எழுதப்பட்ட பணிநேர விதியான பகுதி 117, 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் சரக்கு மட்டும் ஏற்றும் நிறுவனங்களைச் செலவுக் கணக்கைக் காட்டி விலக்கிவிட்டார்கள். விளைவைப் பாருங்கள். நள்ளிரவுக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் பணி தொடங்கும் இரண்டு பேர் குழுவுக்கு, பயணிகள் பக்கம் பறப்புப் பணி உச்சவரம்பு 9 மணி நேரம். அதே மனிதர், அதே நேரம், வாடகைச் சரக்குப் பறப்பு என்றால் பழைய விதிப்படி 24 மணி நேரத்தில் 16 மணி நேரம் வரை பணியில் இருக்கலாம். பறப்பு 8 மணி நேரம் என்ற வரம்பு உண்டு. நடுவில் தரையில் காத்திருக்கும் நேரத்துக்கு அது பொருந்தாது. சரக்குப் பறப்பில் தூக்கம் கெடுவது அந்தக் காத்திருப்பில்தான்.

உடலின் ஆழ்சோர்வு நேரம் என்று விதிப்புத்தகங்களே குறிப்பது அதிகாலை 2 முதல் 5:59 வரை. கார்கோ வலைப்பின்னல் முழுக்க அந்த நான்கு மணி நேரத்தைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. மாலையில் பார்சல் எடுத்து, நள்ளிரவில் மையத்தில் கொட்டிப் பிரித்து, 3, 4 மணிக்குத் திரும்ப ஏற்றினால்தான் காலையில் வாடிக்கையாளர் கையில் சேரும்.

வால்காற்று:
அமெரிக்க விதியை உலக விதி மாதிரி சொல்லாதீங்க. ஐரோப்பாவுல 2016 பிப்ரவரியிலிருந்து அமல்ல இருக்கிற பணிநேர விதி, பெரிய விமானங்களைப் பொறுத்தவரை கார்கோவுக்கும் பயணிகளுக்கும் ஒண்ணுதான். மாலை 5 மணிக்கு மேல விடியறதுக்குள்ள பணி தொடங்கினா, உடல் அந்த ஊர் நேரத்துக்குப் பழகியிருக்கிற ரெண்டு பேர் குழுவுக்கு அடிப்படை வரம்பு 11 மணி நேரம். அமெரிக்காவுலயும் பெரிய பார்சல் நிறுவனங்கள்ல சங்க ஒப்பந்தம் சட்டத்தைவிட இறுக்கமா இருக்கும். அதனால முதல் கேள்வி, நிறுவனத்தோட சான்றிதழ் எந்த நாட்டு ஆணையத்துடையது? ரெண்டாவது, சங்க ஒப்பந்தம் இருக்கா? இது தெரியாம 16 மணி நேரம்னு பயமுறுத்துறது நியாயம் இல்லை.

அடுத்து அமெரிக்காவோட பர்மிங்ஹாம்ல நடந்த சரக்கு விமான விபத்தைத்தான் எடுப்பீங்க, தெரியும். அதுல அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் என்டிஎஸ்பி என்ன சொன்னாங்கன்னு முழுசா படிங்க. துணை விமானியோட சோர்வுக்குக் காரணமா ஓய்வு நேரத்தைச் சரியா பயன்படுத்தாததையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்காங்க.

விடியற்காலை:
முழுதாகவே படிக்கலாம். 2013 ஆகஸ்ட் 14, யூபிஎஸ் பார்சல் நிறுவனத்தின் ஏ300, விடியுமுன் சுமார் 4:47. தரையிறங்க ஓடுபாதையை நெருங்கும் நிலைப்படாத அணுகுமுறையைத் தொடர்ந்தது, உயரத்தைக் கண்காணிக்கத் தவறியது ஆகியவையே முதன்மைக் காரணம். ஓய்வைப் பயன்படுத்தாததோடு உடல்கடிகாரத்தையும் சேர்த்துத்தான் அறிக்கை சொல்கிறது. அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டீர்கள்.

சோர்வை ஒதுக்கி வைத்தாலும் இன்னொன்று இருக்கிறது. நீள ஓடுபாதை விளக்குப் பராமரிப்புக்காக 5 மணி வரை மூடப்பட்டிருந்தது. அதனால் குறுகிய ஓடுபாதை 18-க்கு, சரிவு வழிகாட்டிக் கதிர் இல்லாத லோக்கலைசர் அணுகுமுறை. விமான நிலையங்கள் பழுதுபார்ப்பை இரவில்தான் வைத்துக்கொள்ளும், ஏனென்றால் பயணிகள் விமானம் இருக்காது. இரவு முழுக்கப் பறக்கிறவருக்குச் சோர்வான நேரத்தில் கடினமான அணுகுமுறை வாய்ப்பது தற்செயல் இல்லை. வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது. கார்கோவுக்குப் போகிறவர் நோட்டாமை (விமானிகளுக்கான அறிவிப்பு) வரி விடாமல் படிப்பதும், இப்படிச் சரிவு வழிகாட்டி இல்லாத துல்லியமில்லா அணுகுமுறைகளை சிமுலேட்டரில் கேட்டு வாங்கிப் பயில்வதும் கட்டாயம்.

எடைமையம்:
ரெண்டு பேரும் தூக்கத்திலேயே நிற்கிறீர்கள். பின்னால் இருக்கும் சரக்கைப் பற்றியும் பேசுவோம்.

பயணி தானாக நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். சரக்கு அடுக்கிய பலகை, அதாவது பேலட், அப்படி இல்லை. 767 சரக்கு விமானத்தின் பிரதான தளக் கதவு முன்பக்க இடதுபுறம் இருக்கிறது. எனவே முதலில் ஏறும் பேலட்டுகள் உருண்டு வால்வரை போகும். பாதி ஏற்றிய நிலையில் எடை முழுக்கப் பின்னால். முன் அடித்தளத்தை முதலில் நிரப்பாமலோ வால்தாங்கி வைக்காமலோ ஏற்றினால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். இறக்கும்போதும் இதே ஆபத்துதான்: முன்பகுதி முதலில் காலியாகும், பின்பகுதியில் எடை நிற்கும். ஏற்றுவது தரைக்குழு. ஆனால் எடைக் கணக்குத் தாளான லோட் ஷீட்டில் கையெழுத்து கேப்டனுடையது.

பூட்டுகளை நடந்து பார்க்க வேண்டும். ஒரு பேலட்டைப் பிடிக்கும் பூட்டுகளில் ஒன்று உடைந்திருந்தால் அந்த இடத்தின் அனுமதி எடை குறையும். எவ்வளவு என்பது எடைக் கையேட்டில் இருக்கும். "ஒண்ணுதானே போச்சு" என்று தரைக்குழு சொன்னால் அட்டவணையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பாக்ராமில் 747 சரக்கு விமானம் விழுந்தது எதனால்? கவச வாகனங்கள் 5, பட்டைக்கட்டு போதவில்லை. மேலே எழும்பும்போது பின்னால் நகர்ந்து இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளையும் கிடைவால் இயக்கத்தையும் முடக்கியது. 7 பேரும் போனார்கள். விமானி கையில் அப்போது செய்வதற்கு ஒன்றுமே மிச்சம் இல்லை.

தீ இன்னொரு கதை. பிரதான தளம் பெரும்பாலும் ஈ வகை: அங்கே தீயணைப்பு வாயு கிடையாது. காற்றோட்டத்தை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, 25,000 அடி போன்ற உயரத்தில் ஆக்சிஜனைக் குறைத்துத் தீயை அடக்குவதுதான் முறை. தரையிறங்கக் கீழே வந்தாக வேண்டும், வந்தால் ஆக்சிஜனும் திரும்ப வரும். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் விழுந்த 747-இல் லித்தியம் பேட்டரிகள் இருந்தன. சில நிமிடங்களில் காக்பிட்டில் புகை, கேப்டனின் ஆக்சிஜன் நின்றுபோனது. 2016 ஏப்ரல் 1 முதல் தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிகள் பயணிகள் விமானத்தில் சரக்காகப் போகக் கூடாது என்று சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ தடுத்தது. பிறகு அவை எங்கே போகின்றன? 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல், "சரக்கு விமானம் மட்டும்" என்ற ஒட்டுச்சீட்டோடு, நம் பின்னால்தான்.

எனவே அட்சரேகை, நேர்காணலில் கேட்கச் சொல்லுங்கள்: முழுமுக ஆக்சிஜன் முகமூடி உண்டா? புகையிலும் கருவிகளைப் பார்க்க உதவும் சாதனம் உண்டா? தீத்தாங்கும் கன்டெய்னர், போர்வை பயன்படுத்துகிறார்களா? விதி கேட்காவிட்டாலும் இவற்றுக்குச் செலவு செய்யும் நிறுவனங்கள் உண்டு. எது எப்படிப்பட்டது என்பது இந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

வால்காற்று:
எடைமையம் சொன்னதுல ஒரு வரிகூட மறுக்க மாட்டேன். ஆனா இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கக்கூடிய விஷயம், வேலையை விடுறதுக்கான காரணம் இல்லை. பிழைப்புக் கணக்கையும் பாருங்க. 2020-ல பயணிகள் விமானங்கள் தரையில நின்னப்போ அதோட வயிற்றுல போற சரக்கும் நின்னுச்சு. உலக விமானச் சரக்குல பாதி அளவு அப்படித்தான் போயிட்டிருந்தது. வாடகை எகிறிச்சு, கார்கோ நிறுவனங்கள் ஆள் எடுத்தாங்க. பயணிகள் பக்கம் வீட்டுக்கு அனுப்பினாங்க.

விடியற்காலை:
அதே இயந்திரம் பின்னோக்கியும் சுற்றும். பயணிகள் விமானம் திரும்பியதும் வயிற்றுச் சரக்கு திரும்பியது, வாடகை விழுந்தது. 2023-இல் யூபிஎஸ் விமானிகளுக்குத் தாமாக விலகும் திட்டம் அறிவித்தது. ஃபெடெக்ஸ் அமெரிக்க அஞ்சல் துறை ஒப்பந்தத்தை 2024-இல் யூபிஎஸ்ஸிடம் இழந்தது. பெரியவர்களுக்கே இப்படி என்றால் ஏசிஎம்ஐ நிறுவனத்துக்குச் சொந்தச் சரக்கே கிடையாது. வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தம் முறித்தால் மூன்று விமானம் நிற்கும், அவற்றின் குழுவும் நிற்கும்.

விமான வகையும் பாருங்கள். 767 சரக்கு ரகத் தயாரிப்பை 2027-இல் முடிப்பதாக போயிங் 2024-இல் அறிவித்துவிட்டது.

பதிவேடு:
767 பற்றிய கவலை கொஞ்சம் மிகை. பயணிகள் விமானத்தைச் சரக்குக்கு மாற்றியவையும் ஏராளமாக ஓடுகின்றன. பாண்டு முடியும்வரை அந்த ரேட்டிங்குக்கு வேலை இருக்கும். நான் பார்ப்பது வேறு இடம்.

90 நாளில் 3 ஏற்றம், 3 இறக்கம் என்பது தகுதி நிலைக்க வேண்டிய குறைந்தபட்சம். நீள்தூரத்தில் மூன்று, நான்கு பேர் குழுவில் மாறி மாறிப் பறந்தால் மணி நேரம் குவியும், தரையிறக்கம் குவியாது. 1,900 மணி நேரக்காரர் கைப்பழக்கம் வளர்க்க வேண்டிய வயதில் விமானத்தின் ஓய்வுப் படுக்கையில் மணி நேரம் சேர்ப்பார். ஏ320-இன் பக்கக் கட்டுப்பாட்டுக் குச்சியிலிருந்து 767-இன் நுகத்தடி போன்ற கட்டுப்பாட்டுக் கைப்பிடிக்கு வருகிறவருக்கு இது கூடுதல் இடி. குறுந்தூரப் பார்சல் வழித்தடம் என்றால் நிலைமை தலைகீழ்: இரவுக்கு இரண்டு, மூன்று இறக்கம் கிடைக்கும். வழித்தடப் பட்டியல் கேளுங்கள்.

பாண்டைப் படிக்கும்போது: தொகை மாதா மாதம் குறைகிறதா, அல்லது 35-ஆவது மாதத்திலும் முழுத் தொகையா? நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால் பாண்டு ரத்தாகுமா? சிமுலேட்டரில் தோற்றால் யார் செலவு? வீட்டிலிருந்து முதல் பறப்பு தொடங்கும் ஊருக்குப் போகும் நாளும் வீடு திரும்பும் நாளும் 17-இல் சேருமா, 13-இல் சேருமா? பின்னதென்றால் அது 13 அல்ல, 11. பயணியாக உட்கார்ந்து இடம் மாறிய பிறகு அதே பணியில் பறக்கச் சொன்னால் அந்த நேரம் பணிநேரத்தில் சேர வேண்டும். ஐரோப்பிய விதி சேர்க்கிறது.

அட்சரேகை:
கேட்டு வாங்கிவிட்டேன். ஐரோப்பியச் சான்றிதழ். பாண்டு மாதாமாதம் குறையும், பயண நாள் 17-க்குள். போன நவம்பருக்கான மாதிரி ரோஸ்டரில் பணி தொடங்கும் நேரம் வரிசையாக 22:10, 23:40, 01:15. பிறகு 25 மணி நேர ஓய்வு. மீண்டும் இரவு, மீண்டும் 24 மணி நேர ஓய்வு. கடைசி ஐந்து நாள் பகல்.

வால்காற்று:
பாண்டும் சான்றிதழும் நல்லாவே இருக்கு. கடைசி அஞ்சு நாள் பகல்னா விடுப்புக்குப் போறதுக்குள்ள உடம்பு பழைய நேரத்துக்குத் திரும்பிடும். ஏத்துக்கலாம்.

விடியற்காலை:
அந்த 24, 25 மணி நேரம்தான் கண்ணை உறுத்துகிறது. காலையில் இறங்கிப் படுப்பார், மதியம் விழிப்பார், அடுத்த தூக்கம் வரும் நேரத்தில் பணி அழைப்பு வரும். 12, 14 மணி நேர ஓய்வு என்றால் நேராகத் தூங்கி எழுந்து போகலாம். 32-க்கு மேல் என்றால் நடுவில் முழு இரவு ஒன்று கிடைக்கும். இடைப்பட்ட இதுதான் இரண்டுக்கும் உதவாதது. சட்டப்படி ஓய்வு, தூக்கக் கணக்கில் பாதிதான் தேறும்.

வால்காற்று:
பணிக்கு முன்னாடி சாயங்காலம் 90 நிமிஷம் படுத்தா சமாளிக்கலாம். நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க.

விடியற்காலை:
ஒரு வாரம் ஓட்டலாம். மாதாமாதம், மூன்று வருடம்? நவம்பர் உச்சப் பருவம் என்பதையும் விட்டுவிட வேண்டாம். அட்சரேகை, பிப்ரவரி ரோஸ்டரும் ஒன்று கேளுங்கள். அதிலும் இதே 24 மணி நேரக் கட்டங்கள் இருந்தால் அது பருவ நெருக்கடி இல்லை, அட்டவணை போடும் முறையே அதுதான்.