மூடுபனியில் டார்க் தீம் எடுபடுமா?

குறிஞ்சி12 (குன்னூர்):
கோட் எழுதும் எடிட்டருக்கு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு டார்க் தீமையே, அதாவது கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்தையே, சிபாரிசு செய்கிறார்கள். ஜன்னலில் மூடுபனி வந்து உட்கார்ந்துவிட்டால் அது உதவாது என்கிறேன். பனி வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். பளபளப்பான திரையில் கோட் எழுத்தைவிட ஜன்னலின் பிம்பம்தான் தெளிவாகத் தெரியும். பகலில் லைட் தீம்தான் சரி.

சோலைமரம் (கொடைக்கானல்):
ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் எந்தத் தீமும் திணறும் சார். மேஜையைத் திருப்புங்கள், ஜன்னல் பக்கவாட்டில் வரட்டும். பனி இறங்கி அறை நாலு மணிக்கே இருட்டிவிடுகிற நாளில் உங்கள் வெள்ளைத் திரை முகத்தில் டார்ச் அடித்த மாதிரிதான் இருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சுத்தக் கறுப்பில் சுத்த வெள்ளை எழுத்து வேண்டாம். அது 21:1 கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம். மங்கிய அறையில் கண்மணி விரிவதால், சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசம் என்ற பார்வைக் குறை) உள்ளவர்களுக்கு எழுத்தைச் சுற்றி ஒளி கசியும். சிவப்பு, பச்சை, நீல அளவில் பின்னணி 30, 30, 30, எழுத்து 212, 212, 212 என்று வைத்தால் ஏறக்குறைய 11:1. போதும்.

படுகுத்தோட்டம்:
டார்க் என்றால் கரண்ட் போனபோது பேட்டரியும் கொஞ்சம் தாங்குமே?

குறிஞ்சி12:
ஓஎல்இடி திரையில் மட்டும். சாதாரண எல்சிடியில் பின்விளக்கு எப்போதும் எரியும், கறுப்பு என்பது அதன் மேல் போட்ட மூடிதான். பிரைட்னஸைக் குறையுங்கள்.

சோலைமரம் அண்ணா, கமெண்டை, அதான் கோடுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பை, விட்டுவிட்டீர்களே. சோலரைஸ்டு டார்க் என்ற தீமைப் பாருங்கள்: பின்னணி 0, 43, 54, கமெண்ட் 88, 110, 117. கணக்குப் போட்டால் 2.8:1தான். சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டியின் ஏஏ நிலை கேட்பது 4.5:1. படிக்கவே கூடாது என்று வைத்த நிறம் மாதிரி இருக்கிறது.

சோலைமரம்:
அதற்காகத் தீமையே தூக்கி எறிவதா? கமெண்டை 131, 148, 150க்கு ஏற்றினால் 4.7 வந்துவிடும். ஆனால் சாதாரண எழுத்தின் நிறமும் அதுதான், எனவே எழுத்தை 147, 161, 161க்கு நகர்த்துங்கள். விஎஸ் கோட் எடிட்டரில் டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸ் செட்டிங்கில் கமெண்ட்ஸ் என்ற இடத்தில் எழுதினால் போதும், தீம் ஃபைலைத் தொட வேண்டாம்.

கூடவே கமெண்டின் இட்டாலிக்கையும் (சாய்வெழுத்து) எடுத்துவிடுங்கள், ஃபான்ட் ஸ்டைலை வெறுமையாக விட்டு. தமிழில் கமெண்ட் எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கோடிங் ஃபான்ட்டில் தமிழ் இல்லாதபோது எடிட்டர் வேறு ஃபான்ட்டை இழுத்து வரும். அதில் இட்டாலிக் கிடையாது என்றால் எழுத்தைச் செயற்கையாகச் சாய்த்துவிடும். மங்கிய நிறமும் சேர்ந்தால் முதலில் காணாமல் போவது புள்ளி. 'கண்' எது, 'கண' எது என்று உற்றுப் பார்க்க வேண்டியதாகிவிடும்.

படுகுத்தோட்டம்:
விம் என்ற எடிட்டரில் இதே தீம் டெர்மினலில் (கட்டளை எழுதும் திரை) வேறு நிறமாக வருகிறது.

சோலைமரம்:
விம்மின் 'டெர்ம்ஜியுஐகலர்ஸ்' செட்டிங் ஆஃபில் இருக்கும். ஆன் செய்யாவிட்டால் டெர்மினலின் சொந்த நிறங்களைத்தான் விம் எடுத்துக்கொள்ளும். ஆன் செய்தும் சரியாகவில்லை என்றால் டெர்மினலே ட்ரூ கலர் (முழு நிற வரிசை) காட்டுமா என்று பாருங்கள். நடுவில் டெர்மினலைப் பல பகுதிகளாக்கும் டிமக்ஸ் இருந்தால் அதையும்.

குறிஞ்சி12:
புள்ளி விஷயம் சரி, மாற்றிக்கொள்கிறேன். பகலில் லைட் என்பதை விடவில்லை. ஓஎஸ்ஸின் நேரத்தைப் பின்பற்றி எடிட்டர் தானே மாறட்டும் என்று யாரும் சொல்லாதீர்கள், பனி கடிகாரம் பார்த்து வராது. விஎஸ் கோடில் தீம் பட்டியலைத் திறக்க கன்ட்ரோல் கே (K), கன்ட்ரோல் டி (T). கையால்தான்.