சிறு மானியத்தில் தண்ணீர் ஊற்றுகிறவருக்குக் கூலி கேட்கலாமா?

மண்வெட்டி:
கணக்குப்பிள்ளை வேறொரு இழையில் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சமூகத் தோட்டத்துக்குக் கிடைக்கும் சிறு மானியம் கன்று, விதை, கருவி வாங்க மட்டும்தானாம். தண்ணீர் ஊற்றுகிறவருக்குக் கூலி கேட்டால் அது சமூகத் தோட்டமே இல்லையாம். ஐயா, மரக்கன்று தன் காலில் நிற்க இரண்டு மூன்று வருடம் ஆகும். மானியக் காலம் பெரும்பாலும் ஒரே வருடம். நடுகிற அன்று எல்லாரும் வருவார்கள், கோடை வந்ததும் யார் வருகிறார்கள்? காய்ந்த கன்றைப் பிடுங்கிப் பாருங்கள், வேர் இன்னும் நாற்றுப் பையின் வடிவத்திலேயே சுருண்டு கிடக்கும், பக்கத்து மண்ணைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது. அந்தக் கன்றுக்குக் கொடுத்த பணம் மட்டும் நியாயமான செலவா?

கணக்குப்பிள்ளை:
நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றப் போவதில்லை. கூலி கொடுத்த நிமிடமே அது வேலைக்கு ஆள் வைத்த தோட்டம். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992 முதல் நடக்கிறது, வழக்கமான மானியம் நெடுங்காலம் 50,000 டாலர் வரை இருந்தது. அதிலேயே உள்ளூர்ப் பங்களிப்பை எதிர்பார்க்கிறார்கள், பணமாக இல்லாவிட்டால் உழைப்பாக. தண்ணீர் ஊற்றுவது உழைப்பு இல்லையென்றால் வேறு எது உழைப்பு? விழாவில் கை தட்டுவதா?

மண்வெட்டி:
பங்களிப்பு கேட்டால் கூலி கூடாது என்று அர்த்தமா? இரண்டையும் முடிச்சுப் போட்டது நீங்கள். குழு வைத்துக் குழி வெட்டியது, பாத்தி கட்டியது, வேலி போட்டது எல்லாம் பங்களிப்பில் வரட்டும். தினமும் காலையில் குழாயைத் திறந்து மூடுகிறவருக்குக் கூலி கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். அந்த ஆள் பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே வருமானம் குறைந்த ஒருவர். அவர் நேரம் மட்டும் இலவசம், விண்ணப்பம் எழுதித் தருகிற ஆலோசகருக்குக் கட்டணம். இந்தக் கணக்கு உங்களுக்கு உறுத்தவே இல்லையா?

தோட்டக்காரி:
இரண்டு பேரும் தண்ணீரிலேயே நிற்கிறீர்கள். கன்றைச் சுற்றி மண்ணை மூட இலைதழை மூடாக்கு நாலு விரல் கனத்துக்குப் போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்துவிட்டால் பாதி வேலை குறையும். அதற்கு மானியத்தில் தாராளமாக இடம் உண்டு, பொருள் செலவுதானே.

மண்வெட்டி:
சொட்டுநீர் தானாக ஓடும் என்று நினைக்கிறவர்கள் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. உப்புத் தண்ணீர் ஓடினால் துளை வாயில் வெள்ளையாகக் காரை படிந்து அடைத்துக்கொள்ளும், வடிகட்டியைக் கழற்றிக் கழுவ ஆள் வேண்டும். மூடாக்கையும் தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும், விலக்கிவிட ஆள் வேண்டும். மறுபடியும் ஆள்தான், மறுபடியும் கூலிதான்.

தோட்டக்காரி:
எனக்கே பாடமா? உங்கள் குழு போட்ட விண்ணப்பத்தில் கம்போஸ்ட் பற்றிய பத்தி நான் இங்கே எழுதியது. நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு, குவியலின் நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடு ஏற வேண்டும், எல்லாம் வரிக்கு வரி. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

மண்வெட்டி:
அது எந்த வேளாண் கையேட்டிலும் இருக்கிற கணக்கு. உங்கள் வீட்டுச் சொத்து மாதிரிப் பேசாதீர்கள்.

தோட்டக்காரி:
கணக்கு பொது, வாக்கியம் என்னுடையது. பழைய இழை இன்னும் அப்படியேதான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நிழல்மரம்:
நிலம் யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லையே. நியூயார்க்கில் 1970-களில் மக்கள் வெற்று மனைகளைச் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். 1999-இல் நகர நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விடக் கிளம்பியது. கடைசி நேரத்தில் அறக்கட்டளைகள் பணம் போட்டு வாங்கியதால் பிழைத்தன. எழுத்தில் குத்தகை இல்லாத இடத்துக்கு மானியம் கொடுப்பதே வீண்.

கணக்குப்பிள்ளை:
நல்ல உதாரணம், எனக்குத்தான் சாதகம். அந்த மனைகளைக் கூலி வாங்கியா சுத்தம் செய்தார்கள்?

மண்வெட்டி:
சுத்தம் செய்வது சில நாள் வேலை, தண்ணீர் ஊற்றுவது வருடம் முழுக்க. எத்தனை முறை சொன்னாலும் இதைத் தாண்டித்தான் போகிறீர்கள். குத்தகையும் வேண்டும்தான், அதை யார் மறுத்தார்கள்? ஆனால் இருபது வருடக் குத்தகை இருந்தாலும் முதல் கோடையில் தண்ணீர் இல்லையென்றால் வேலிக்குள் பார்த்தீனியக் களைதான் மிஞ்சும். நிதி தருகிறவர்கள் கேட்கிற அறிக்கையைப் பாருங்கள், எத்தனை கன்று நட்டீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கும், அடுத்த வருடம் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்கிற கட்டத்தைத் தேட வேண்டும். அதனால்தான் எல்லாக் குழுவும் கன்று எண்ணிக்கையை ஏற்றி எழுதுகிறது. பாதிக் கன்று நட்டு, மீதிப் பணத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள் என்கிறேன். இதில் ஊழல் எங்கே வந்தது?

கணக்குப்பிள்ளை:
ஊழல் என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை, உங்களுக்கு ஏன் அது முதலில் தோன்றுகிறது? கன்றுக்குக் கடை ரசீது உண்டு. தண்ணீர் ஊற்றியதற்கு வவுச்சரில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் சாட்சி. தணிக்கையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அந்தக் கையெழுத்துகள் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.

மண்வெட்டி:
இப்போது கூலி வாங்குகிறவரையே திருடன் ஆக்கிவிட்டீர்கள். கன்று பச்சையாக நிற்பதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ரசீதைவிட அதைச் சரிபார்ப்பது சுலபம், நேரில் போனால் போதும்.

கணக்குப்பிள்ளை:
மழை பெய்தாலும் கன்று பச்சையாக நிற்கும். அதற்கும் கூலியா?

மண்வெட்டி:
கோடையில் வந்து பார்க்கச் சொல்கிறேன், நீங்கள் மழையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். உங்கள் குழு மூன்று வருடத்துக்கு முன்னால் நட்டதில் எத்தனை பிழைத்திருக்கிறது? அந்த எண்ணை இங்கே போடுங்கள், அப்புறம் கூலியைப் பற்றிப் பேசலாம்.

கணக்குப்பிள்ளை:
முதலில் நீங்கள் போடுங்கள்.