எல்டிஓ-3 டேப்பில் சம்பளக் கணக்கு இருக்கிறது, செக்ரோலைக் காணவில்லை

கேட்டவர், நுவரெலியா:
வணக்கம். தோட்ட ஆபீஸில் பழைய டெபியன் சர்வர், அதில் ஸ்கஸி எல்டிஓ-3 டிரைவ் (பேக்கப் எடுக்கும் காந்த நாடா டிரைவ்). தினமும் இரவு கிரோனில் (குறித்த நேரத்தில் தானாக வேலை ஓட்டும் வசதி) இரண்டு டார் (கோப்புகளை ஒன்றாகக் கட்டி எழுதும் கட்டளை) ஓடும், முதலில் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு), அது முடிந்ததும் சம்பளக் கணக்கு, இரண்டும் எஸ்டி0-க்குத்தான் (லினக்ஸில் டேப் டிரைவின் பெயர்) போகிறது. ஹார்ட் டிஸ்க் 'டக் டக்'கென்று சத்தம் போட ஆரம்பித்ததால் நேற்று டேப்பைப் படித்துப் பார்த்தேன், சம்பளக் கணக்கு மட்டும் வருகிறது. ஆறு டேப்பும் அப்படியே. டிமெசேஜில் (சிஸ்டத்தின் எரர் பதிவு) எரர் எதுவும் இல்லை. இங்கே எந்நேரமும் பனி, ஈரம் ஏறிவிட்டதோ என்று கிளீனிங் டேப் போட்டேன், ஸ்கஸி கேபிளின் முனையில் இருக்கும் டெர்மினேட்டரையும் மாற்றினேன், பயனில்லை. யாருக்கு முழுப்பேர் (முழு நாள் கூலி), யாருக்கு அரைப்பேர் (அரை நாள் கூலி) என்பதெல்லாம் செக்ரோலில்தான் இருக்கிறது, தயவுசெய்து உதவுங்கள்.

பதில், ஹட்டன்:
அண்ணா, முதலில் சர்வரை அணைக்காமல் செக்ரோல் ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது. எஸ்டி0 என்பது வேலை முடிந்து மூடியவுடன் டேப்பைத் தானாகவே ஆரம்பத்துக்குச் சுற்றிவிடும். அதனால் இரண்டாவது டார், செக்ரோலின் மேலேயே எழுதிவிட்டது. சம்பளக் கணக்கு சின்னதாக இருந்து செக்ரோலின் வால் டேப்பில் மிஞ்சியிருந்தாலும், டேட்டா முடிந்த இடத்தைத் தாண்டி டிரைவ் படிக்காது. அந்த ஆறு டேப்பையும் நம்ப வேண்டாம்.

கிரோனில் எஸ்டி0 இருக்கும் இடமெல்லாம் என்எஸ்டி0 என்று மாற்றுங்கள், அது சுற்றாது, நின்ற இடத்திலேயே நிற்கும். முதலில் எம்டி (டேப்பைக் கட்டுப்படுத்தும் கட்டளை) ரீவைண்ட், பிறகு இரண்டு டார், கடைசியில் டேப்பை வெளியே எடுக்க எம்டி ஆஃப்லைன். படிக்கும்போது ரீவைண்ட் பண்ணி எஃப்எஸ்எஃப் 1 (ஒரு கோப்பைத் தாண்டு) கொடுத்தால் இரண்டாவது கோப்பில் போய் நிற்கும்.

கேட்டவர்:
காப்பி எடுத்துவிட்டேன் தம்பி, ஒரு கோப்பும் விடுபடவில்லை! முதல் டார் முடிந்ததும் எம்டி ஸ்டேட்டஸ் பார்த்தேன், ஃபைல் நம்பர் 1 என்று காட்டியது, இத்தனை நாள் எப்போது பார்த்தாலும் 0, பிஓடி (டேப்பின் ஆரம்பம்) என்றுதான் இருக்கும். இரண்டையும் படித்துப் பார்த்தேன், செக்ரோல் முழுசாக வருகிறது.

பதில், பண்டாரவளை:
ஈரத்தைப் பற்றி நீங்கள் பயந்ததும் சரிதான். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த டேப்பை உடனே டிரைவில் போடாதீர்கள், மேலே நீர் பூத்துவிடும். முந்தின நாளே சர்வர் அறையில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.