எறும்பு மொய்ச்சும் விளங்கேல்லை

உப்புவெளிக்காரன்:
வயசு 47, கடற்தொழில். இதை எழுத வெக்கமாத்தான் கிடக்கு. ஆனா ரெண்டு வருசம் வாய் பொத்தி இருந்து நான் பட்டது போதும், இன்னொருத்தர் படக்கூடாது.

முதல்ல ஆணுறுப்பில விறைப்பு வரும், நிக்காது. போகப்போக வாறதே குறைஞ்சுது. மனுசி ஒண்டும் கேக்கேல்லை. அவ கேக்காததுதான் எனக்குப் பாரம். வலைவேலை கிடக்கெண்டு சொல்லி கடற்கரைக் கொட்டில், வாடியிலயே படுக்கத் தொடங்கினன். ஆரோ செய்வினை செய்துபோட்டாங்கள் எண்டும் நினைச்சன். டவுனில ஒரு மருந்துக்கடையில டொக்டர்ர துண்டு இல்லாமலே, விறைப்புக்குப் போடுற நீலக் குளிசை, வயாகரா, தந்தாங்கள். பேப்பரில சுத்தித் தந்தவர் என்ர முகத்தைப் பாக்கேல்லை, நானும் அவற்ற முகத்தைப் பாக்கேல்லை. ரெண்டுதரம் கேட்டுது, பிறகு அதுவும் இல்லை.

அந்த நாளையில வாடிக்குப் பின்னால தென்னையடியில மூத்திரம் பெய்தா, விடிய எறும்பு மொய்ச்சுக் கிடக்கும். செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம மணல்ல நடந்திருக்கிறன், கால் அவ்வளவு மரத்துப்போய். எல்லாம் கண்ணுக்கு முன்னால. நான்தான் ஒண்டோடொண்டு சேர்த்துப் பாக்கேல்லை.

காலில வந்த புண் ஆறாமத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனன். வெறும் வயித்தில சீனி 231. 126 வந்தாலே சலரோகமாம். என்ர மகள்ட வயசில ஒரு டொக்டர்ப் பிள்ளை, "ஐயா, வீட்டில புருசன் பெண்சாதி வாழ்க்கையில ஏதும் கரைச்சல் இருக்கோ?" எண்டு தானாக் கேட்டா. நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு ஓம் எண்டன். அவ கடதாசியில ரெண்டு குழாய் கீறிக் காட்டினா. ஆணுறுப்புக்குப் போற நாடி 1, 2 மில்லிமீற்றர்தான் அகலம், இருதயத்துக்குப் போறது 3, 4. அடைப்பு விழத் தொடங்கினா சின்னக் குழாய்தான் முதல்ல காட்டிக்குடுக்கும். விறைப்புக்கு நரம்பு கட்டளை குடுக்கவேணும், குழாய் விரிஞ்சு ரத்தம் வந்து நிரம்பவேணும். சீனி அந்த ரெண்டையும் பழுதாக்கும். சிகரட்டும் கொழுப்பும் அதே குழாயைத்தான் பிடிக்கும். நான் நாளுக்கு ஒரு பக்கற் பத்தினவன். அண்டைக்கே ஈசிஜியும் எடுப்பிச்சா. இந்த விறைப்புக் கரைச்சல் வந்து ஒருசில வருசத்தில மாரடைப்பு வாற ஆக்கள் இருக்கினமாம்.

கிண்ணியாவில இருந்து:
நானா, எனக்கு சீனி இல்ல, பிரஷர். குளிசை தொடங்கி ரெண்டாம் மாசம் இந்தக் கரைச்சல் வந்திச்சு. யாருக்கும் சொல்லாம குளிசைய நிப்பாட்டினேன், பிரஷர் 190க்குப் போயிட்டு. டொக்டர் ஏசினாரு, பிறகு வேற குளிசைக்கு மாத்தித் தந்தாரு. அட்டெனோலோல் மாதிரிக் குளிசையும், நீர்க்குளிசை சிலதும், மனச்சோர்வுக்குக் குடுக்கிற சில மருந்தும் இப்படிச் செய்யுமாம். பிரஷரைக் கவனிக்காம விட்டா அதுவும் செய்யும். நிப்பாட்டாதீங்க, மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க.

தம்பலகாமத்து அக்கா:
பொம்பிளை ஒருத்தியும் சொல்லலாம்தானே. அவர் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுக்கேக்க, என்னில வெறுப்பெண்டு நினைச்சன். வேற எங்கயும் தொடர்போ எண்டுகூட. ஒரு வருசம் அழுதன். பின்னேரம் வயலால வந்தா சாராயம், அது வரவரக் கூடிச்சுது. வெக்கத்தில குடிச்சவர், குடியால இன்னும் மோசமாச்சுது. கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனன். வெளியில வாங்கில இருந்து என்ர கையைப் பிடிச்சார், எத்தினையோ மாசத்துக்குப் பிறகு.

பெயர் வேண்டாம்:
எனக்கு 29, கல்யாணம் முடிஞ்சு மூண்டு மாசம். விடியக்காலமை நித்திரையால எழும்பேக்க சரியா இருக்கு, அவவோட மட்டும் முடியேல்லை. டொக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். விடிய வருதெண்டா குழாயும் நரம்பும் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும், பயம்தான் பிடிச்சு வைச்சிருக்கு எண்டார். பயந்தா உடம்பு ரத்தக்குழாயைச் சுருக்குமாம். ஒருநாள் பிழைச்சா அடுத்த நாளும் அதையே யோசிச்சுப் பிழைக்கும். ஆற்றுப்படுத்தல் ஆளிட்ட ரெண்டு பேரையும் வரச்சொன்னவர். அவவுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை.

ஓய்வுபெற்ற மருந்தாளர்:
ஒண்டே ஒண்டு. நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை பாவிக்கிறவர் அந்த நீலக் குளிசையைத் தொடவே கூடாது. ரெண்டும் சேர்ந்தா பிரஷர் சடாரெண்டு விழும், உயிர் போகலாம். நீலக் குளிசையைப் போட்டபிறகு நெஞ்சு நொந்தா, வெக்கப்படாம ஆஸ்பத்திரியில முதல்ல அதைச் சொல்லுங்கோ. பேப்பரில சுத்திக் குடுக்கிற கடையில இதை ஒருத்தரும் கேக்கிறேல்லை.

உப்புவெளிக்காரன்:
ஐயா, எனக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை. சிகரட் விட்டு எட்டு மாசம். சீனி இறங்கியிருக்கு, பழையபடி முழுக்க வரேல்லை. மருந்து இப்ப டொக்டர் எழுதினதுதான். வாடியில படுக்கிறேல்லை.

தம்பி, அவவுக்கு நீங்க வேற ஒண்டும் சொல்லவேண்டாம். மேல தம்பலகாமத்து அக்கா எழுதினதை வாசிக்கக் குடுங்கோ.