புனைமொழி (ஒருவர் திட்டமிட்டு உருவாக்கிய மொழி) ஆய்வில் மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பு: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

வேர்தேடி
எஸ்பெராண்டோ என்ற புனைமொழியைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த ஒருவரோடு நிகழ்ந்த உரையாடல் இன்னமும் என்னை உறுத்துகிறது. செயப்படுபொருளின் ஈற்றில் 'ன்' வர வேண்டும் என்ற, அம்மொழியை உருவாக்கிய சாமன்ஹோஃபின் 1887ஆம் ஆண்டு விதியை இங்கே விளக்கத் தேவையில்லை. சரளமாகப் பேசிக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் அந்த 'ன்' இல்லாமல் ஒரு வாக்கியத்தைச் சொன்னார். நான் சுட்டிக்காட்டியதும், அதே வாக்கியத்தை உருபில்லாமலே நிதானமாக மறுபடி சொல்லி, "இதில் என்ன குறைகிறது?" என்று மெய்யான வியப்போடு கேட்டார். 1905இல் பிரான்சின் புலோன் நகரில் கூடிய எஸ்பெராண்டோ மாநாடு மாற்றக்கூடாத அடிப்படை என ஏற்றுக்கொண்ட, இவ்விதி அடங்கிய நூல் ஒருபுறம். அம்மொழியிலேயே மழலை பேசியவரின் வழக்கு மறுபுறம். மொழியியலாளர் பெஞ்சமின் பெர்கன் 2001இல் வெளியிட்ட ஆய்விலும் தாய்மொழியாளர் சிலர் இவ்வுருபை விடுவது பதிவாகியிருக்கிறது. இவற்றுள் எதை இலக்கணம் என்று எழுதுவது?

மெய்யெழுத்து
வேர்தேடி அவர்களே, உருபு வராததைப் பிழையாகக் கொண்டு தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 'புத்தகம் படித்தேன்' என்பதை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று ஏற்கும் நாம், 'ஆசிரியர் பார்த்தேன்' என்று சொல்வதில்லை. உயர்திணைக்கு 'ஐ' கட்டாயம், அஃறிணைக்கு இடம் நோக்கி வரும். சொந்தமாக ஒரு மொழியை உருவாக்கிக்கொண்டிருந்த ஒருவர், எல்லாச் செயப்படுபொருளுக்கும் உருபு இடுவதே தருக்கத்துக்கு உகந்தது என்று என்னிடம் உறுதியாக வாதிட்டார். தமிழ் வாக்கியங்களையும், குறித்த பொருளுக்கே உருபிடும் துருக்கி வாக்கியங்களையும், ஆட்களைக் குறிக்கும் பெயருக்கு முன்னிடைச்சொல் சேர்க்கும் ஸ்பானிய வாக்கியங்களையும் அவர் முன் எழுதி வைத்தேன். நெடுநேரம் பார்த்தவர், எதுவும் சொல்லாமல் தம் வேற்றுமை அட்டவணையில் ஒரு வரியை அடித்துவிட்டார். அந்தக் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அகராதிப்பித்தன்
'ஸ்டார் ட்ரெக்' படங்களுக்காக உருவாக்கப்பட்ட கிளிங்கன் மொழியில் செயப்படுபொருள் முதலிலும் எழுவாய் இறுதியிலும் வருவதால், மனிதர் எவரும் இப்படிப் பேசுவதில்லை என்று ஒரு மாணவர் என்னிடம் அடித்துச் சொன்னார். பிரேசிலின் ஹிக்ஸ்கர்யானா மொழியை ஆராய்ந்த டெஸ்மண்ட் டெர்பிஷயர் பதிவுசெய்த 'மனிதன் – பிடித்தது – ஜாகுவார்' என்ற வரிசையைக் காட்டினேன். மனிதனே விலங்கைப் பிடித்தான் என்றுதான் அவர் கடைசிவரை படித்தார். பெயர்களில் வேற்றுமை உருபு இல்லாமலே ஜாகுவார் மனிதனைப் பிடித்தது என்று பொருள்படுவதை அவரால் ஏற்க முடியவில்லை.

மெய்யெழுத்து காட்டிய சான்றுகள் வலுவானவை. ஆயினும் மூன்று மொழிகளை வைத்து ஒருவரின் அட்டவணையைத் திருத்துவது போதாது. ஒப்பீட்டில் இறங்குவோர் முதலில் உறவில்லாத மொழிக்குடும்பங்களிலிருந்து மொழிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1963இல் 30 மொழிகளை வைத்துப் பொதுமைகளை வகுத்தபோது பல கண்டங்களையும் குடும்பங்களையும் கருத்தில் கொண்டார். இன்று உலக மொழி அமைப்பு வரைபடத் தொகுப்பு அந்த வேலையைப் பெரிதும் எளிதாக்கியிருக்கிறது. அடுத்து, செயப்படுபொருள் ஆளாகவும் பொருளாகவும், குறித்ததாகவும் குறிக்காததாகவும், வினைக்கு முன்னும் பின்னும் வரும்படி வாக்கியங்களைத் திரட்டுங்கள். இலக்கண நூலின் விதியை ஒரு நிரலிலும் பேசுவோர் சொன்னதை வேறொரு நிரலிலும் எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. 'அவதார்' படத்துக்காக உருவாக்கப்பட்ட நாவி போன்ற புனைமொழிகளை ஆராயும்போது இது இன்னும் முக்கியம், ஏனெனில் அங்கே எழுவாயே வினையின் தன்மைக்கேற்ப இரு வடிவம் பெறுகிறது. செயப்படுபொருளுக்கு மூன்றாவது வடிவம் உண்டு. ஒரே நிரலில் இவை அடங்கமாட்டா.

இளவேனில்
அறிவுரை நல்லதே, ஆனால் வேர்தேடியின் கேள்வி அப்படியே நிற்கிறது. சொல்வரிசையைத் தளர்த்துவதற்காகத்தான் எஸ்பெராண்டோவில் அந்த 'ன்' இருக்கிறது. எனவே, செயப்படுபொருளை வினைக்கு முன் வைத்தபோதும் அவர் உருபை விட்டாரா என்பதைத்தான் முதலில் அறிய விரும்புகிறேன்.

வேர்தேடி
நான் கேட்ட அளவில் அவர் செயப்படுபொருளை வினைக்கு முன் வைக்கவே இல்லை. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையிலிருந்து அவர் பேச்சு விலகவில்லை.