மலையேற லோரா (போன் டவர் இல்லாமலே ரேடியோல தூரத்துக்கு குட்டி மெசேஜ் அனுப்புறது) டிராக்கர் பண்றேன், ஐடியா குடுங்க
போன தடவ வெள்ளியங்கிரி ஏறினப்ப அப்பா பின்தங்கிட்டாரு, போன்ல டவர் சுத்தமா இல்ல, ரெண்டு மணி நேரம் உயிரே போயிருச்சுங்க. அதான் ஈஎஸ்பி32ங்கற குட்டி கன்ட்ரோலர் போர்டு, எஸ்எக்ஸ்1276 லோரா மாட்யூல், நியோ-6எம் ஜிபிஎஸ், ஒரு 18650 பேட்டரி எல்லாத்தையும் சோப்பு டப்பாக்குள்ள அடைச்சு நானே ஒண்ணு பண்ணிட்டேன், சிம்மும் வேணாம் ரீசார்ஜும் வேணாம். நம்மூர்ல லைசென்ஸ் இல்லாம 865-867 மெகாஹெர்ட்ஸ்ல அனுப்பலாம், ஆனா கடைக்காரர் 915க்கான ஆன்டெனாவ தலையில கட்டிட்டாரு, அது தனி கடுப்பு. மொட்டை மாடில இருந்து ஏரிக்கரை வரைக்கும் சிக்னல் ஜம்முனு வருது, நடுவுல தென்னந்தோப்பு வந்தா அவ்ளோதான். ஸ்ப்ரெட்டிங் ஃபேக்டர (சிக்னல எவ்ளோ நீட்டி அனுப்பணும்ங்கற செட்டிங்) 7ல இருந்து 12க்கு ஏத்தினா தூரம் கூடுது, ஆனா ஒரு மெசேஜ் போகவே ஒரு செகண்டுக்கு மேல ஆகுது, பேட்டரியும் தின்னுது. மலைல யாராச்சும் ட்ரை பண்ணிருக்கீங்களா? ஆன்டெனாவ மாத்தி முதுகுப்பைக்கு வெளிய நிமித்தி வெச்சா போதுமா, இல்ல நடுவுல சிக்னல வாங்கி திரும்ப அனுப்புற ஒரு ரிப்பீட்டர் வேணுமா?